எட்டுப் பேர் படுக்கலாம், எத்தனை கதவு மூடும்?

கேள்வி:

நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். மாடியை இணையம் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறோம். ‘விசாலமான 3 பெட்ரூம் வீடு, 900 சதுர அடி, 2 பாத்ரூம், பிரைவேட் மொட்டை மாடி, 8 பேர் தாராளமாகத் தங்கலாம்’ என்று லிஸ்டிங்கில் போட்டிருக்கிறோம். இதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றாவது அறை மட்டும் ஹாலில் பிளைவுட் தடுப்பு வைத்துப் பிரித்தது, கதவுக்குப் பதில் திரை. ஒரு பாத்ரூம் பெரிய அறைக்குள் இருக்கிறது. இன்னொன்று வாசலுக்கு வெளியே, படி ஏறி வந்ததும். மொட்டை மாடியில் நாங்களும் துணி காயப்போடுவோம். போன மாதம் இரண்டு குடும்பம் சேர்ந்து ஏழு பேர் வந்தார்கள். வந்து இறங்கியதுமே முகம் மாறிவிட்டது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், நாங்கள் கொடுக்கவில்லை. எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று மதிப்பிடும் ‘துல்லியம்’ என்ற இடத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். “உள்ளதையெல்லாம் எழுதினால் ஒருத்தரும் வரமாட்டார்கள், எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்கிறார் என் கணவர். எதை எழுத வேண்டும், எதை விடலாம்?

– ஒரு வாசகி

பதில்:

கடிதத்தோடு படங்களையும் அறை அளவுகளையும் அந்த விருந்தினர் எழுதிய ரிவ்யூவையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. விருந்தினர் வீடுகளுக்கு விவரம் எழுதிக் கொடுப்பதும், எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். அந்தப் பழக்கத்தில் முதலில் ரிவ்யூவைத்தான் எடுத்துப் படித்தேன். வீடு சின்னது என்று அதில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? வயதான அம்மா திரைக்குப் பின்னால் படுக்க வேண்டியதாயிற்று, ராத்திரி பாத்ரூம் போக வாசல் கதவைத் திறந்து வெளியே போக வேண்டியதாயிற்று, காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் துணி வாளியோடு வந்து நின்றார். இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. மூன்றுமே கதவு பற்றிய புகார். ஒன்றில் கதவு இல்லை, ஒன்றில் வேண்டாத இடத்தில் கதவு இருக்கிறது, ஒன்றில் கதவின் சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது.

நீங்கள் சதுர அடியையும் தலைகளையும் எண்ணி எழுதியிருக்கிறீர்கள். தங்க வருகிறவர், குறிப்பாகக் குடும்பத்தோடு வருகிறவர், லிஸ்டிங்கைப் படிக்கும்போதே மனதுக்குள் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறார். அம்மாவும் அப்பாவும் இந்த அறை, தம்பி குடும்பம் அந்த அறை, பிள்ளைகள் ஹாலில். ‘3 பெட்ரூம்’ என்று படித்ததும் அவர் கணக்குப் போட்டது மூடிக்கொள்ளும் மூன்று கதவுகளை வைத்து. வந்து பார்த்தால் இரண்டுதான் இருக்கின்றன. அந்த இடத்தில் அவர் ஏற்பாடு மொத்தமும் சரிந்து, ராத்திரி பத்து மணிக்கு யார் எங்கே படுப்பது என்று சொந்தங்களுக்குள் சங்கடம் வருகிறது. கோபம் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். அறைகளை எண்ணுவதற்கு முன் கதவுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் முழுசாக மூடுமா, உள்ளிருந்து தாழ்ப்பாள் உண்டா, அந்தக் கதவைத் தாண்டி வேறு யாராவது போக வேண்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரூம் என்று ஓர் இடத்தைச் சொல்ல எனக்கு நான்கு விஷயம் வேண்டும். கூரை வரை சுவர், மூடும் கதவு, வெளியே திறக்கும் ஜன்னல், அந்த அறை வழியாக அடுத்தவர் நடக்காமல் இருப்பது. உங்கள் மூன்றாவது அறை இதில் ஒன்றில்தான் தேறுகிறது. தடுப்பு ஏழடியோடு நின்றுவிடுகிறது, மேலே திறந்தவெளி. ஜன்னல் ஹால் பக்கம் போய்விட்டது. விளக்கு, மின்விசிறிச் சத்தம், பேச்சு எல்லாம் தடுப்புக்கு மேலே தாராளமாக வந்து போகும்.

அளவையும் பாருங்கள். அந்த இடம் 7-க்கு 8, அதாவது 56 சதுர அடி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு, ஆள் புழங்கும் அறை 70 சதுர அடிக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் உரிமம் பெற்று பலருக்குப் பகிர்ந்து விடும் வீடுகளுக்கு 2018-இல் வந்த விதிப்படி, பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டர், இருவர் தூங்கும் அறை 10.22 சதுர மீட்டர் இருக்க வேண்டும். முதலாவது நம் கணக்கில் 70 சதுர அடி, இரண்டாவது 110. உங்கள் வீட்டை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது, கையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். இந்த அளவுகோலில் உங்கள் சின்ன பெட்ரூமே, 90 சதுர அடி, இரண்டு பேருக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். இரண்டு ராத்திரிக்கு வருகிறவர் அதைப் பொறுத்துக்கொள்வார், முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

‘தடுப்பைக் கூரை வரை ஏற்றிவிடுகிறோம், கதவும் போட்டுவிடுகிறோம்’ என்று உங்கள் கணவர் கிளம்பக்கூடும். வேண்டாம். ஜன்னலே இல்லாத ஒரு பெட்டிதான் மிஞ்சும், ஹாலும் இருட்டாகும். அது இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றுங்கள்: ‘ஹாலில் திரை போட்ட ஒரு படுக்கையிடம்’. குழந்தையோடு வருகிற தம்பதிக்கு, பதின்வயதுப் பையன் உள்ள குடும்பத்துக்கு அது நல்ல வசதி. மாமியாருக்கு என்று நினைத்து வருகிறவருக்குத்தான் அது குறை.

அடுத்து பாத்ரூம். உங்கள் லிஸ்டிங்கில் பெரிய ஓட்டை இதுதான் என்பேன், தடுப்பறையைவிட. எண்ணிக்கை சரி, இரண்டு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டிலில் இருந்தும் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வழியை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், விளக்கைப் போடாமல். பெரிய அறையில் படுத்தவருக்குப் பிரச்சினை இல்லை. சின்ன அறையில் இருந்து கிளம்புகிறவர் ஹாலுக்கு வருகிறார். அங்கே சோபா கம் பெட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தால், பிரித்த சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் நகர்ந்து போகிற அளவுக்குத்தான் இடம். தூங்குகிறவர் காலைத் தாண்டி, வாசல் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கி, வெளியே படிமுகப்பில் சுவிட்சைத் தடவி, அப்புறம்தான் பாத்ரூம் கதவு. மேலே கூரை ஷீட் இருக்கிறது, சரி, ஆனால் பக்கவாட்டில் திறப்பு. மழை பெய்தால் சாரல் அடிக்கும். இதற்கு ஒரே மாற்றுவழி, பெரிய அறைக் கதவைத் தட்டி அங்கே தூங்குகிறவர்களை எழுப்புவது. ஒரே குடும்பம் என்றால் தட்டுவார்கள். இரண்டு குடும்பம் என்றால் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். வந்து இறங்கியதுமே முகம் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மறுநாள் காலை எப்படி இருந்திருக்கும்?

‘2 பாத்ரூம்’ என்ற இரண்டு சொல்லில் இதில் ஒன்றுமே தெரியாது. ‘பெரிய பெட்ரூமுக்குள் ஒரு பாத்ரூம். அந்த அறை வழியாகத்தான் அதற்குப் போக முடியும். இரண்டாவது பாத்ரூம் வாசலுக்கு வெளியே, அதே தளத்தில், நான்கு அடி தள்ளி. உங்கள் தளத்துக்கு மட்டும் உரியது.’ இப்படி எழுதினால் படிக்கிறவருக்கு வழி தெரிந்துவிடும். கடைசி வாக்கியம் முக்கியம். வெளியே பாத்ரூம் என்றதும் மற்றவர்களும் பயன்படுத்துவார்களோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். இது உங்களுக்குச் சாதகமான உண்மை, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு கைவேலையும் செய்துவிடுங்கள். படிமுகப்பில் ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு ஒன்று மாட்டுங்கள். செலவு சொற்பம். அதை லிஸ்டிங்கில் எழுதவும் செய்யலாம்.

எட்டுப் பேர் விஷயத்துக்கு வருகிறேன். படுக்கைகளைக் கூட்டி எட்டு என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு குயின் கட்டிலில் நால்வர், தடுப்பறைக் கட்டிலில் இருவர், சோபா கம் பெட்டில் இருவர். தடுப்பறைக் கட்டில் 4 அடி அகலம். ஒருவர் நன்றாகப் படுக்கலாம், இருவர் என்றால் ஒருவர் புரள்வதற்கு மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும். சோபாவும் அப்படியே, பிரித்தால் 4-க்கு 6 அடி, அதுவும் நடுவில் மடிப்புக் கம்பியோடு. உயரமானவர் படுத்தால் கால் வெளியே நிற்கும். கட்டில் அளவைப் பெயரால் மட்டும் சொல்லாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குயின் என்றால் 60 அங்குல அகலம் என்பது பெரும்பாலும் சரியாக வரும். கிங் என்றால் ஓரிடத்தில் 72, இன்னோரிடத்தில் 76. அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ எண்ணைப் போட்டுவிட்டால் வம்பில்லை.

படுக்கை போதாது, வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உட்கார நாற்காலி இருக்கிறதா? படத்தில் நான்குதான் தெரிகிறது. வெந்நீர்? உங்கள் கீசர் 15 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 60 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீரை 25 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால் மொத்தம் கிடைப்பது 35 லிட்டர். பெரிய வாளிக்கு இரண்டு. மறுபடி அந்த 15 லிட்டர் காய 2 கிலோவாட் கீசருக்குக் கிட்டத்தட்ட 18 நிமிடம் ஆகும். எட்டாவது ஆள் குளித்து முடிக்கும்போது முதல் ஆளுக்கு மதியத் தூக்கம் வந்துவிடும். இத்தனையும் பார்த்தால் இது ஆறு பேர் வீடு. நான்கு பெரியவர், இரண்டு பிள்ளைகள். ‘எட்டு’ என்று போட்டால் எட்டுப் பேருக்கு வீடு தேடுகிறவர்கள் கண்ணிலும் படுவீர்கள், அவர்களுக்கோ இந்த வீடு ஆகாது.

இப்போது சதுர அடி. 900 என்பது வீட்டுப் பத்திரத்தில் இருந்து எடுத்தது என்று நினைக்கிறேன். சுவர், மாடிப்படி, படிமுகப்பு எல்லாம் சேர்ந்த பில்ட்-அப் கணக்கு அது. நீங்கள் அனுப்பிய அறை அளவுகளை நான் கூட்டிப் பார்த்தேன். ஹால் 240, அதற்குள்தான் தடுப்பறையும். பெட்ரூம்கள் 120, 90. சமையலறை 72. பாத்ரூம்கள் 35, 24. மொத்தம் 581. காலை வைத்து நடக்கக்கூடிய இடம் இதுதான். ‘உள் அளவு சுமார் 580 சதுர அடி, 54 சதுர மீட்டர்’ என்று போடுங்கள். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி, மீட்டரில் யோசிக்கிறவர்களும் வருவார்கள். டேப்பை வைத்து சுவரின் உள்பக்கத்தில் இருந்து உள்பக்கத்துக்கு அளக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

எண்ணைப் போட்டாலும் 90 சதுர அடி என்றால் எவ்வளவு என்று பெரும்பாலோருக்குக் கண்ணில் வராது. எனக்கே வெறும் எண்ணாகச் சொன்னால் வராது. கட்டிலைப் போட்டபிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொன்னால் வந்துவிடும். உங்கள் சின்ன அறை 9-க்கு 10. கட்டில் 5-க்கு ஆறரை, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறது. ஆகவே உள்பக்கம் படுத்தவர் இறங்க வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கால்மாட்டில் மூன்றரை அடி. அதில் அலமாரி இரண்டடி போக, மிச்சம் ஒன்றரை. அலமாரிக் கதவு ஒன்றரை அடி அகலம் என்பதால் முழுசாகத் திறந்தால் கட்டில் விளிம்பில் தட்டும். பெரிய பெட்டி ஒன்றைத் தரையில் விரித்துத் திறக்கலாம், இரண்டாவதைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். இதை முழுவதும் எழுதச் சொல்லவில்லை. ‘கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் நடக்கும் இடம், ஒரு பெட்டி திறந்து வைக்கலாம்’ என்ற ஒற்றை வரி போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைப் படித்ததும் பெரிய அறையைத் தங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

‘விசாலமான’, ‘தாராளமாக’, ‘அமைதியான’, ‘வசதியான’ எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். இவற்றில் தகவல் இல்லை, எதிர்பார்ப்பு மட்டும்தான் ஏறுகிறது. 580 சதுர அடியை விசாலம் என்று சொல்பவரும் உண்டு, நெரிசல் என்று சொல்பவரும் உண்டு. நீங்கள் எதைச் சொன்னாலும் ஒரு பாதியோடு சண்டைதான்.

மொட்டை மாடி ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் ‘பிரைவேட்’ என்று போட்டதால் பெரிதாகிவிட்டது. நீங்கள் துணி காயப்போடுவது குற்றமில்லை. எந்த நேரத்தில் வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ‘மொட்டை மாடி வீட்டுக்காரருடன் பொது, காலை 8 முதல் 9 வரை துணி காயப்போட வருவோம், மாலையில் முழுவதும் உங்களுக்கு’ என்று எழுதி, எழுதியபடி நடந்துகொள்ளவும் வேண்டும். மாலை ஆறு மணிக்குத் துணி எடுக்க மறந்துபோச்சு என்று மேலே போகக் கூடாது. நீங்கள் கீழேயே குடியிருப்பதையும் முதல் சில வரிகளுக்குள் சொல்லுங்கள். சிலருக்கு அது தைரியம், சிலருக்குத் தொந்தரவு. இரண்டு வகையினருக்கும் முன்பே தெரியட்டும்.

ஒரு படத்தின் மூலையில், மாடிப்படிக்கு மேலே ஒரு கேமரா தெரிகிறது. லிஸ்டிங்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது வெறும் மனத்தாங்கலோடு நிற்கிற விஷயம் இல்லை. இப்படி நாள் வாடகைக்கு வீடு விடும் இணையதளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுவதும் வீட்டுக்குள் கேமரா வைப்பதையே தடை செய்துவிட்டது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. வெளியே வைக்கலாம், ஆனால் இருப்பதையும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வீட்டின் உள்பக்கம் தெரியும்படி திரும்பியிருக்கக் கூடாது. உங்களுடையது படிமுகப்பைப் பார்த்து இருக்கிறது. அங்கேதான் இரண்டாவது பாத்ரூம் வாசல். ராத்திரி உடை மாற்றிக்கொண்டு பாத்ரூம் போகிற ஒரு பெண் அந்தக் கேமராவைக் கடந்துதான் போக வேண்டும். நீங்கள் எந்த இணையதளத்தில் லிஸ்டிங் போட்டிருந்தாலும் சரி, இன்றைக்கே அதைக் கீழ்வாசல் பக்கம் திருப்பிவிட்டு, லிஸ்டிங்கிலும் எழுதிவிடுங்கள்.

படங்கள். ஹால் படத்தைப் பார்த்ததும் போன் கேமராவின் ஜூமை 0.5-இல் வைத்து எடுத்தது என்று தெரிந்துவிட்டது. ஓரத்து நாற்காலி ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, பின்சுவர் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. பல போன்களில் அந்த நிலை கிட்டத்தட்ட 13 மி.மீ. அகலக் கோண லென்ஸுக்குச் சமம். சாதாரணமாக ‘1’ என்று காட்டும் நிலை 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். அகலக் கோணத்தில் எடுப்பதே ஏமாற்று என்று சொல்லமாட்டேன், சின்ன பாத்ரூமை வேறு எப்படியும் எடுக்க முடியாது. ஆனால் அறைகளை ‘1’-இல் எடுங்கள், வாசலில் நின்று, போனை மார்பு உயரத்தில் நேராகப் பிடித்து. அறை முழுவதும் ஒரே படத்தில் அடங்கவில்லையா, எதிர் மூலையில் இருந்து இன்னொன்று எடுங்கள். அடங்காததே அந்த அறையின் அளவைச் சொல்லிவிடும்.

தடுப்பறையை மூன்று படத்தில் காட்டியிருக்கிறீர்கள், ஒன்றில்கூட மேலே உள்ள திறந்தவெளி தெரியவில்லை. திரையும் தெரியவில்லை. தெரிந்தேதான் அப்படி எடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, விருந்தினர் சொல்வார். ஹாலில் நின்று, திரை, தடுப்பின் மேல்விளிம்பு, கூரை மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள். சோபாவை மடித்த நிலையில் ஒன்று, பிரித்த நிலையில் ஒன்று. வாசலில் நின்றபடி வெளிப் பாத்ரூம் கதவு தெரிய ஒன்று. படிக்கட்டைக் கீழே இருந்து ஒன்று, ‘18 படி, நடுவில் ஒரு திருப்பம், ஒரு பக்கம் கைப்பிடி, லிஃப்ட் இல்லை’ என்ற குறிப்போடு. படங்களின் வரிசையும் கீழ்வாசலில் தொடங்கி, ஆள் நடந்து வருகிற வழியிலேயே போகட்டும். இப்போது மொட்டை மாடியின் சூரிய அஸ்தமனம் முதலில் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது: ஒரு கைவரைபடம். கட்டடப் பொறியாளர் போடுகிற பிளான் தேவையில்லை. வெள்ளைத்தாளில் பேனாவால் அறைகளைக் கட்டம் போட்டு, கட்டில்களை வரைந்து, கதவு இருக்கும் இடத்தில் வளைகோடு, திரை இருக்கும் இடத்தில் அலைகோடு. வெளிப் பாத்ரூமையும் படிக்கட்டையும் காட்டுங்கள். போனில் படம் பிடித்து மற்ற படங்களோடு ஏற்றிவிடுங்கள். உங்கள் விருந்தினர் இதை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் வந்திருக்கவே மாட்டார், நீங்களும் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள்.

சரி, எல்லாக் குறையையும் எழுத வேண்டுமா? வேண்டாம். சமையலறை மூலையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள், அதை விடுங்கள், முடிந்தால் மாற்றுங்கள். என் அளவுகோல் இது: இது தெரிந்திருந்தால் ஒருவர் வேறு வீடு பார்த்திருப்பாரா, அல்லது வரும்போது எதையாவது கூடவே எடுத்து வந்திருப்பாரா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் எழுதுங்கள். படிக்கட்டு, வெளிப் பாத்ரூம், திரை, பொது மாடி, தெருப்பக்கச் சத்தம் எல்லாம் அந்த வகை. சுவரின் நிறம் அந்த வகை இல்லை. எழுதும்போது மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். ‘சிறியதாக இருந்தாலும் மனதுக்கு இதமான’ என்று இழுப்பதைவிட ‘9-க்கு 10 அடி’ என்று முடிப்பது மேல்.

எங்கே எழுதுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ‘பிற தகவல்கள்’ என்ற கடைசிப் பகுதியில் வெளிப் பாத்ரூமை ஒளித்துவைத்துவிட்டு, ‘நாங்கள்தான் எழுதியிருந்தோமே’ என்று பிறகு வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாதத்தில் ஜெயிப்பார்கள், நட்சத்திரத்தில் தோற்பார்கள். போனில் படிக்கிறவர் தலைப்பு, முதல் ஐந்தாறு படம், முதல் சில வரி, அவ்வளவுதான் பார்ப்பார். முக்கியமான நாலு விஷயம் அதற்குள் வர வேண்டும். பணம் கட்டியபிறகு அனுப்பும் செய்தியில் முதன்முறையாகச் சொல்வது அதைவிட மோசம்.

உங்கள் லிஸ்டிங்கின் தொடக்கத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“மாடித் தளம் முழுவதும் உங்களுக்கு. கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம், வரும் வழி பொது. கதவு மூடும் பெட்ரூம் இரண்டு (10-க்கு 12 அடி, 9-க்கு 10 அடி), இரண்டிலும் 60 அங்குலக் கட்டில். ஹாலில் திரை போட்ட ஒரு படுக்கையிடம், ஒருவருக்கு. மேலே திறந்திருக்கும், சத்தம் கேட்கும். ஹாலில் ஒரு சோபா கம் பெட், பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஒரு பாத்ரூம் பெரிய பெட்ரூமுக்குள். இன்னொன்று வாசலுக்கு வெளியே நான்கடி தள்ளி, உங்களுக்கு மட்டும். 18 படி ஏற வேண்டும், லிஃப்ட் இல்லை. மொட்டை மாடி எங்களோடு பொது. நான்கு பெரியவர், இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஏற்ற வீடு. தனித்தனி அறை எதிர்பார்க்கும் இரண்டு குடும்பங்களுக்குப் பொருந்தாது.”

கடைசி வாக்கியத்தைப் பார்த்து உங்கள் கணவர் கட்டாயம் ஆட்சேபிப்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இப்படி எழுதினால் சில முன்பதிவுகள் வராது, சில ராத்திரி வீடு காலியாகக் கிடக்கும். உண்மையை எழுதினால் கூட்டம் அலைமோதும் என்று நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். இழப்பது இந்த வீடு ஆகாதவர்களை. அவர்கள் வந்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள், அவர்கள் எழுதிவிட்டுப் போவதை அடுத்து வருகிறவர்கள் படிப்பார்கள். ஏர்பிஎன்பியில் மொத்த மதிப்பீடு போக சுத்தம், துல்லியம், செக்-இன், தகவல் தொடர்பு, இடம், கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று ஆறுக்கும் தனித்தனி நட்சத்திரம் உண்டு. பாத்ரூமை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் துல்லியத்தில் விழுந்த இரண்டு அங்கேயே நிற்கும். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பதும் சரிதான். அவர்கள் ரிவ்யூக்களையும் ஒருநாள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

அந்தப் பழைய விருந்தினர் கேட்ட பணம்? என்னைக் கேட்டால் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுங்கள். அறை எண்ணிக்கை லிஸ்டிங்கோடு ஒத்துவராததைப் பணம் திருப்பக் காரணமாகவே பெரிய இணையதளங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஏர்பிஎன்பியில் பிரச்சினை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் விருந்தினர் சொல்ல வேண்டும் என்று ஒரு கெடு இருக்கிறது. அவர் வந்த ராத்திரியே சொல்லிவிட்டார், ஆகவே கெடுவைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. ரிவ்யூவுக்குக் கீழே பதில் போடுங்கள், இரண்டே வரி: “மூன்றாவது அறைக்குக் கதவு இல்லை, இரண்டாவது பாத்ரூம் வெளியே இருக்கிறது என்பதை நாங்கள் எழுதவில்லை. இப்போது லிஸ்டிங்கிலும் படங்களிலும் திருத்திவிட்டோம்.” ஏழு பேர் வந்தார்கள், தாமதமாக வந்தார்கள், பாத்திரம் கழுவவில்லை என்றெல்லாம் அதில் சேர்க்காதீர்கள்.

ஒன்றே ஒன்று மிச்சம், அவசரமானதும் இதுதான். பழைய வாசகத்தைப் படித்துவிட்டு அடுத்த வாரங்களுக்கு ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் இருப்பார்களே, லிஸ்டிங்கைத் திருத்திய கையோடு ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புங்கள். ‘நீங்கள் பதிவு செய்தபோது 3 பெட்ரூம் என்று இருந்தது. கதவு உள்ளது இரண்டுக்குத்தான், மூன்றாவது ஹாலில் திரை போட்ட இடம். ஒரு பாத்ரூம் வாசலுக்கு வெளியே. வரைபடம் இணைத்திருக்கிறேன். உங்களுக்குச் சரிப்படாது என்றால் சொல்லுங்கள், முழுப் பணமும் திரும்ப வர நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.’ அவர்களை ரத்து செய்யச் சொல்வதற்கும் நீங்களே ரத்து செய்வதற்கும் இணையதளத்துக்கு இணையதளம் விதி வேறு. அனுப்புவதற்கு முன் உதவி மையத்தில் கேட்டு, இரண்டு பக்கமும் அபராதம் விழாத வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமைக்கு ஆறு பேர் பதிவு செய்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களில் இருந்து தொடங்குங்கள், எத்தனை குடும்பம் என்று முதலில் கேளுங்கள்.